கிளையைப் பிடிச்ச விரல்

என்ர மனுசன்ர முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேணும். அதில போட அவரின்ர படம் ஒண்டு என்னட்டை இல்லை. சொன்னால் ஆரும் நம்பமாட்டினம். ஏனெண்டால் மன்னார்த் தீவுக்குள்ள எங்கட பக்கத்தில ஆர் செத்தாலும் அட்டை அடிக்கிறவள் நான்தான். படக்கடை வைச்சுப் பதினாறு வருசமாகுது.

அடையாள அட்டையை மட்டும் கொண்டுவந்து மேசையில வைச்சிட்டு அழுகிற சனத்துக்கு நான் ஏசாத ஏச்சில்லை. "உயிரோட இருக்கேக்க ஒரு வடிவான படம் எடுத்து வைக்கத் தெரியாதோ? முத்திரை அளவில ஒண்டைக் கொண்டுவந்து பெருப்பிச்சுத் தா எண்டால் நான் என்ன மாயமந்திரமோ செய்யிறது?" எண்டு செத்தவீட்டுச் சனத்திட்ட மூஞ்சிக்கு நேர கேட்டிருக்கிறன். அப்பிடி ஒரு வாய் எனக்கு. அந்த வாய்க்கு இப்ப நல்லா வேணும்.

மச்சாள், அவரின்ர அக்கா, காலமையே கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டா. பூசைக்கு இன்னும் நாலு நாள்தான். அச்சுக்கு இண்டைக்குக் குடுக்க வேணும். "பூச்சியை ஆயிரம் படம் எடுத்தனி. என்ர தம்பியை ஒண்டு எடுக்கேல்லையோடி?" எண்டு கேட்டா.  

கலியாண அல்பம் சண்டை நேரம் பெருநிலப்பரப்பில இருந்து ஓடேக்க விட்டுப் போட்டு வந்தது. பிறகு ஒரு விசேசமெண்டு போனால் படம் எடுக்கிறவள் நான், எனக்குப் பக்கத்தில வெளிச்சக் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர் அவர். பேந்து எப்பிடி அவர் படத்துக்குள்ள வாறது? சரி, பூச்சிப் படங்களிலயாவது பின்னால எங்கயாவது நிப்பார், வெட்டி எடுக்கலாம் எண்டு நினைச்சு, கொம்பியூட்டரில அந்தப் படங்களைப் போட்டு வைச்ச பெட்டியைத் திறந்தன்.

பூச்சிக் கதை தொடங்கினது மடு மாதா கோயிலடியில. ஆவணித் திருவிழாவுக்குப் போய் மரங்களுக்குள்ள கொட்டில் போட்டு இருந்தனாங்கள். காலமை பல்லு விளக்கப் போன மனுசன், "இஞ்ச ஓடியா, உன்ர சித்தப்பா மரத்தில இருக்கிறார்" எண்டு கூப்பிட்டார். போய்ப் பாத்தால் இலைக்கு அடியில ஒரு பூச்சி. பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு. முதுகு கேடயம் மாதிரி, நல்ல சிவப்பு. அதில ரெண்டு கறுப்புப் பொட்டு. தலைகீழாப் பாத்தால் அப்பிடியே ஒரு ஆம்பிளையின்ர முகம், எண்ணெய் வைச்சு வாரின தலைமயிரோட. சித்தப்பாவேதான். ரெண்டு பேரும் நிண்டு வயிறு நோகச் சிரிச்சம். நான் தொட்டுப் பாத்தன். மாதாவே, என்ன நாத்தம்! மூண்டு தரம் கை கழுவியும் போகேல்லை.

அந்தப் படத்தைப் பேஸ்புக்கில பூச்சி பாக்கிற ஆக்களின்ர குழு ஒண்டில போட்டன். கம்பசில பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளை ஒண்டு எனக்கு எழுதினா. "அன்ரி, இது மழை கூடின பக்கத்தில கனக்க இருக்கிற பூச்சி. உங்கட வறண்ட கரையில கண்டதாக எங்களுக்குத் தெரியாது. கடற்கரைப் பக்கம் பரவுதோ எண்டு பாத்துச் சொல்லுவியளோ? படத்தை வெட்டாமல் அப்பிடியே அனுப்புங்கோ. அப்பதான் எடுத்த நாளும் நேரமும் அதோட இருக்கும்."

அதோட எனக்கு விசர் பிடிச்சது. நாள் முழுக்கச் செத்த ஆக்களின்ர முகத்தைப் பெருப்பிச்சு, கண்ணைத் திருத்தி, சுத்தி வரப் பூப் போடுறவளுக்கு, உயிரோட அசையிற ஒண்டைப் படம் எடுக்கிறது எவ்வளவு சந்தோசம் எண்டு சொன்னால் விளங்காது. கிட்டப் படம் எடுக்கிற லென்ஸ் ஒண்டு கொழும்பில இருந்து எடுப்பிச்சன். ஞாயிறு பூசை முடிய மோட்டச்சைக்கிளில ஏறினால் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற தாம்போதியைத் தாண்டி முருங்கன், மடு றோட்டு, அரிப்பு எண்டு வெயில் ஏறும் வரைக்கும் திரிவம். "விசரியும் விசரனும் போகினம்" எண்டு சனம் சொன்னது எங்கட காதிலயும் விழுந்ததுதான். "ரெண்டும் சோடி சேர்ந்தாச் சரிதானே" எண்டு அவர் சிரிச்சார்.

பூச்சி ஒண்டும் ஓடிப் போகாது. இருந்த இடத்தில இருக்கும். கரைச்சல் காத்துத்தான். எங்கட பக்கத்துச் சோளகக் காத்து தெரியும்தானே, ஆளையே தள்ளும். இலை ஒரு நூல் அசைஞ்சாலும் படம் கலங்கிப் போடும். அதால கிளையை ஒரு ஆள் அசையாமல் பிடிக்க வேணும். அதுதான் அவரின்ர வேலை. மூச்சையும் அடக்கிக்கொண்டு நிப்பார். "எடுத்தாச்சோ? நான் செத்துப் போவன்" எண்டு பல்லுக்குள்ளால சொல்லுவார். "செத்தால் அட்டை அடிச்சுத் தாறன், பேசாமல் நில்லுங்கோ" எண்டு நான் சொல்லுவன். ரெண்டு பேருக்கும் அது பகிடி.

அவர் போட் இஞ்சின் திருத்திறவர். கரையில அவரின்ர கொட்டிலில எப்பவும் நாலைஞ்சு இஞ்சின் கழட்டிக் கிடக்கும். கை எப்பவும் ஓயிலும் மண்ணெண்ணெயும்தான். நகத்தைச் சொல்லவே வேண்டாம். கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் அந்த நகத்தோட சண்டை. சவுக்காரம், தேசிக்காய்க் கோது, பழைய பல்லுத் தூரிகை, எதாலயும் கறுப்புப் போகாது. நற்கருணை வாங்கக் கையை நீட்டேக்க எனக்குத்தான் வெக்கமா இருக்கும். "பூசை வைக்கிற சுவாமி என்ன நினைப்பார்?" எண்டு கேட்டால், "சுவாமி இஞ்சின்காரன் எண்டு நினைப்பார்" எண்டு சொல்லுவார். அப்பிடி ஒரு மனுசன்.

பூச்சி தேடிப் போன முதல் ஞாயிறு அதே கையால கிளையைப் பிடிச்சார். மண்ணெண்ணெய் மணம் பட்டதோ என்னவோ, பூச்சியெல்லாம் பொத்துப் பொத்தெண்டு நிலத்தில விழுந்து போச்சு. நான் அந்த இடத்திலயே கத்தின கத்தில தூர நிண்ட மாடு திரும்பிப் பாத்தது. அண்டையில இருந்து சட்டம் போட்டன். சனிக்கிழமை பின்னேரத்துக்குப் பிறகு இஞ்சினில கை வைக்கப்படாது. ஞாயிறு காலமை சவுக்காரம் போட்டு, தேசிக்காய் தேய்ச்சு, நான் பாத்துச் சரியெண்டு சொன்ன பிறகுதான் மோட்டச்சைக்கிளில ஏறலாம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவார்.

பூச்சி மெல்ல மெல்லக் கரைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. கண்ட இடத்தையெல்லாம் கொம்பியூட்டரில உள்ள வரைபடத்தில சிவப்புப் புள்ளியாப் போடுவன். மடுவில ஒண்டு. பிறகு முருங்கன் பக்கம் ரெண்டு மூண்டு. அடுத்த வருசம் முசலிப் பக்கம். இனித் தாம்போதியைத் தாண்டித் தீவுக்குள்ள வர வேணும். அதை முதல் கண்டு படம் எடுக்கிறது நானா இருக்க வேணும். எனக்கு வேற நினைப்பே இல்லை. பெருமை பிடிச்சுப் போச்சு, உண்மையைச் சொல்லுறன்.

முசலியில ஒரு முஸ்லிம் மனுசன்ர கஜுத் தோட்டம், எல்லாம் முந்திரிக்கொட்டை மரம். ஒரு கிளை முழுக்கப் பூச்சி, குஞ்சும் முட்டையுமா. தோட்டக்காரருக்கு முகம் செத்துப் போச்சு. "தங்கச்சி, இது என்ர காயையெல்லாம் உறிஞ்சிப் போடுமோ?" எண்டு கேட்டார். நான் பூச்சியின்ர வடிவில மயங்கி நிண்டனான். "கேட்டுச் சொல்லுறன் நானா" எண்டு, அங்கத்தைய ஆக்கள் அண்ணையைக் கூப்பிடுற மாதிரிச் சொல்லிப் போட்டு லென்ஸைப் பூட்டினன். இண்டு வரைக்கும் கேட்டுச் சொல்லேல்லை. வெக்கக்கேடு.

இவர் வழக்கம் போலக் கிளையைப் பிடிச்சார். நான் கிட்டப் போய்ப் பாத்தால், பூச்சிக்குப் பக்கத்தில அவரின்ர பெருவிரல். நகத்தில கறுப்பு எண்டு ஒரு பொட்டும் இல்லை. அடிப்பாதி பால் மாதிரி வெள்ளை. எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு நினைக்கிறியள்? "பாத்தியளே! நான் சொன்னபடி தேய்ச்சால் எப்பிடி வெள்ளையா வருகுது! இருவது வருசத்துக்குப் பிறகு இப்பதான் உங்கட நகம் மனுச நகம் மாதிரிக் கிடக்கு" எண்டு சொன்னன். அவரும் விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "ஓம், வெள்ளைதான்" எண்டார்.

பிறகு ரெண்டு மூண்டு படம் எடுத்துப் பாத்தால், அந்த வெள்ளையில வெயில் பட்டு அடிக்குது. பூச்சியின்ர சிவப்பு மங்கிப் போச்சு. "உந்த நகத்தை மறையுங்கோ, படத்தைக் கெடுக்குது" எண்டு கத்தினன். அவர் விரலை இலைக்குப் பின்னால இழுத்திட்டார். தோட்டக்காரர் தண்ணிச் செம்போட வந்து அவரைப் பாத்திட்டு, "தம்பிக்கு மேல் சரியில்லையோ, முகம் ஊதிக் கிடக்கு" எண்டு கேட்டார். "நித்திரை கூடிப் போச்சு நானா" எண்டு இவர் சிரிச்சார். நான் குனிஞ்சபடி முட்டையை எண்ணிக்கொண்டிருந்தன்.

அண்டைக்கு எடுத்த படம்தான் எல்லாத்திலயும் சிறந்தது. கம்பஸ் பிள்ளை துள்ளிக் குதிச்சா. குழுவில இருந்த சனமெல்லாம் புகழ்ந்து தள்ளிச்சுது. அதில போட்ட படத்தில விரல் இல்லை. நான் வெட்டிப் போட்டன். குழுவுக்கு எல்லாப் படத்திலயும் விரலை வெட்டிப் போட்டுத்தான் போடுறனான், வெட்டாதது கம்பஸ் பிள்ளைக்கு மட்டும்.

அதுக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்குறது குறைஞ்சு கொண்டு வந்தது. வயித்துக் காஸ்ரிக் எண்டு மருந்துக்கடையில குளிசை வாங்கிக் குடிச்சார். ஏறி இறங்க மூச்சு வாங்கினது. "வயசாகுதுதானே" எண்டம். கடைசியில கால் ரெண்டும் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் சத்தியா வெளிய வரத் தொடங்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனம். சின்னப் பிள்ளையொண்டுதான் டொக்டர், பொம்பிளைப் பிள்ளை. ரத்தம் சோதிச்ச துண்டைப் பாத்தா. பிறகு இவரின்ர கையைத் தூக்கி, பெருவிரலைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினா. அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி செங்கல் நிறம். "இது கிட்னி பழுதாப் போன ஆக்களுக்கு வாறது. எவ்வளவு காலமா இப்பிடிக் கிடக்கு?" எண்டு கேட்டா.

இவர் என்னைப் பாத்தார். நான் அவரைப் பாத்தன். "இப்பதான் டொக்டர், ரெண்டு கிழமை இருக்கும். என்ர வேலையில நகம் எப்பவும் கறுப்புத்தானே, வேளைக்கு ஒண்டும் தெரியேல்லை" எண்டு சொன்னார். அந்த நேரம் எனக்கு ஒண்டும் ஓடேல்லை. ஓம் ஓம் எண்டு நானும் தலையாட்டினன். டொக்டர் எழுதிக்கொண்டே, "கொஞ்சம் முந்தி வந்திருந்தால் மருந்தோட கனகாலம் இழுத்திருக்கலாம், அம்மா" எண்டா. அவ கோவிக்கவும் இல்லை. சும்மா சொன்னா.

பிறகு ரத்தம் சுத்தம் செய்யிறதுக்கு எண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓட்டம். காலமை பஸ்ஸில போய் இரவு வந்து விழுவம். இஞ்சின் கொட்டிலைப் பூட்டியாச்சு. ஒரு நாள் பின்னேரம் கடையில எனக்குப் பக்கத்தில வந்து இருந்தார். தலை வாரி இழுத்து, சேட்டு எல்லாப் பொத்தானும் பூட்டி, ஆள் வெளிக்கிட்டு வந்திருக்கு. "இஞ்ச பார், என்னை ஒரு படம் எடு. பேந்து சனத்துக்கு ஏசின மாதிரி உனக்கு நீயே ஏச வேண்டி வரும்" எண்டார்.

எனக்கு எங்கயிருந்து அந்தக் கோவம் வந்ததெண்டு தெரியாது. "வாயைப் பொத்துங்கோ! விசர்க்கதை கதைக்காதேங்கோ! எழும்பிப் போய்ப் படுங்கோ!" எண்டு கத்தினன். கடையில நிண்ட சனம் திரும்பிப் பாத்தது. பயம். வேற ஒண்டுமில்லை. எடுத்தால் அது எதுக்கெண்டு எனக்குத் தெரியும்தானே. எத்தினை பேருக்கு அடிச்சிருக்கிறன்! எடுக்காட்டி அவர் இருப்பார் எண்டு ஒரு முட்டாள் நினைப்பு. அவர் மேல் பொத்தானைக் கழட்டினார். "சரி சரி, கத்தாதை. பூச்சி வரேக்க கூப்பிடு, கிளை பிடிக்க வாறன்" எண்டு சொல்லிப் போட்டு எழும்பிப் போனார். பிறகு ஒருநாளும் படம் எடுக்கச் சொல்லிக் கேக்கேல்லை.

அவர் செத்து எட்டாம் நாள், அவரைத் தாட்ட சேமக்காலைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனன். அவருக்குப் பக்கத்துக் கல்லறையில ஆரோ எக்சோராச் செடி வைச்சிருக்கினம், நல்லாப் பூத்துக் கிடந்தது. அந்தப் பூவுக்கு அடியில இருந்தது பூச்சி. அதே சிவப்பு, அதே ரெண்டு பொட்டு. தாம்போதியைத் தாண்டி வந்திட்டுது. இதுக்குத்தானே ரெண்டு வருசமாத் தவம் கிடந்தனான். போன் கையிலதான் கிடந்தது. காத்தில கிளை ஆடிக்கொண்டு நிண்டது. நான் எடுக்கேல்லை. கம்பஸ் பிள்ளைக்கும் சொல்லேல்லை. மெழுகுதிரி நூந்து நூந்து போக, திரும்பத் திரும்பக் கொளுத்திப் போட்டு வந்திட்டன்.

இதுதான் கதை. இப்ப மச்சாள் பக்கத்தில இருக்க, வெட்டாத படங்களை ஒண்டொண்டாத் திறந்து பாக்கிறன். முகம் ஒண்டிலயும் இல்லை. ஒரு படத்தில சேட்டின்ர நுனி. ஒண்டில நிலத்தில நிழல். ஒண்டில கட்டியிருந்த சறத்தின்ர கரை. மற்றதெல்லாத்திலயும் விரல். பூச்சியின்ர முகமெண்டால் நூற்றுக்கணக்கில கிடக்கு, ஒவ்வொரு பொட்டும் மயிரும் தெரியுது. நாசமாப் போன பூச்சி.

நாள் ஒழுங்கில அடுக்கினால் தேட லேசு எண்டு அடுக்கினன். அதுதான் நான் செய்த பிழை. மடுவில எடுத்த படத்தில கறுப்பு நகம், நகக் கரையில ஓயில். முருங்கனில கழுவின நகம், நல்ல ரோசா நிறம், நகக் கண்ணில பிறைகூட வடிவாத் தெரியுது. பிறகு முசலி. லென்ஸ் நல்ல லென்ஸ். நகத்தின்ர அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி செங்கல் நிறம், ரெண்டுக்கும் நடுவில கோடு கீறின மாதிரி. டொக்டர் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டின அதே நகம். அதுக்கு அடுத்த படத்தில விரல் பாதி இலைக்குப் பின்னால. அதுக்குப் பிறகு ஒரு படத்திலயும் நகம் இல்லை.

அவருக்குத் தெரியும். டொக்டர் கேக்கேக்க அவருக்கு அண்டைக்கு நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கு. அதுதான் என்னைப் பாத்தவர். அந்தப் பிள்ளைக்கு முன்னால நான் அவமானப்படக் கூடாதெண்டு ரெண்டு கிழமை எண்டு சொன்னவர். அப்பிடியே அதைத் தன்னோட கொண்டும் போயிட்டார்.

"என்னடி பாக்கிறாய்? அம்பிட்டுதோ?" எண்டு மச்சாள் கேட்டா. "பூச்சி" எண்டு சொல்லிப் போட்டு மூடினன். மேசை லாச்சியில கிடந்த அவரின்ர அடையாள அட்டையை எடுத்தன். எல்லாரும் கொண்டு வாறது போல, முத்திரை அளவில ஒரு பொடியன், ஆரெண்டே தெரியேல்லை. அதை ஸ்கான் பண்ணிப் பெருப்பிச்சன். "இது என்ர தம்பியே இல்லை" எண்டு மச்சாள் அழுதா. எனக்கு ஆரும் ஏசேல்லை. ஏசியிருக்கலாம்.

அட்டையை அச்சுக்கு அனுப்பிப் போட்டு, மச்சாள் போன பிறகு, முசலிப் படத்தைத் திரும்பத் திறந்தன். கீழ நாளும் நேரமும் கிடக்கு. ஆஸ்பத்திரியில தந்த கிளினிக் கொப்பியில டொக்டர் முதல் போட்ட திகதியை எடுத்துப் பக்கத்தில வைச்சு விரல் விட்டு எண்ணினன்.

பதினொரு மாதம், டொக்டர். நான் கண்டனான். வடிவாக் கிடக்கு எண்டும் சொன்னனான்.